திரும்ப வாங்காத பிள்ளை

ஜூன் 17, ரஜ பண்டிகை முடிந்த மறுநாள்

பெரும்புயல் வந்துபோய் ஒன்பதாவது மழைக்காலம் இது. படகுத்துறை ஆலமரம் காற்றே இல்லாத பகலில் தானாக விழுந்த வருஷம். எங்கள் தெரு வண்ணான் பாடியாவின் மகன் சூரத் மில்லில் கையைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிய வருஷம். சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போன எங்கள் ஊர் ரத்னாகர் காணுங்கோ பிறந்து நூறு வருஷம் நிறைகிறது என்று ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனதும் இந்த வருஷம்தான். எண் எனக்குத் தெரியாது. தேதி போடுவது என் மகள் பாசந்தி. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். ஏழாவது வரை படித்தவள். புருஷன் விட்டுப்போன பிறகு சுகாதார நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிறாள். "கை வலிக்குது, சுருக்கமா சொல்லுப்பா" என்கிறாள், இப்போதே.

நேற்று நித்யானந்த மாஸ்டர் வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார், இப்போது அவர் பிறந்த வீட்டை நினைவிடமாக்கும் ஜன்மபீடக் கமிட்டிக்குச் செயலாளர். வேலிக்கு வெளியே நின்றபடியே பேசினார். உள்ளே வந்தால் போய்க் குளிக்க வேண்டுமே.

"தைத்தாரி, உனக்கு நல்ல காலம்டா. காணுங்கோ வீட்டை அரசாங்கம் எடுத்துப் புதுசாக் கட்டுது. ரத்ன பாபு பிறந்த அறை, படிச்ச மேசை, எல்லாம் வைக்கப் போறாங்க. டிசம்பர்ல மந்திரி வர்றாரு."

"நல்லது பாபு."

"பஸ்ஸெல்லாம் வரும்ல. நிறுத்த இடம் வேணும். உன் மேடுதான் தோதா இருக்கு."

"நாங்க எங்க போறது?"

"கரைக்கு அந்தப் பக்கம் உனக்கும் உங்க தெருவுக்கும் இடம் ஒதுக்கியாச்சு. சிமெண்டு அறை. இந்த மண்ணுல கிடந்து என்னத்தைக் கண்ட?"

கரைக்கு அந்தப் பக்கம் என்றால் ஆற்றுப் பக்கம், வெள்ளம் முதலில் ஏறும் பக்கம். மாஸ்டருக்கும் அது தெரியும். என்னைவிட இருபது வயது சின்னவர், 'டா' போட்டுத்தான் பேசுவார். அது பழகிவிட்டது. மேடு போய்விடும் என்பதுதான் உள்ளே இறங்க மறுக்கிறது. சோறும்தான்.

ஜூன் 20

இந்த மேடு எப்படி எங்களிடம் வந்தது என்பதைச் சொல்லிவைக்கிறேன். காகிதம் கிடையாது. என் தலையில் இருப்பதுதான்.

நாங்கள் ஹாடிகள். ஊரைக் கூட்டுவது ஆண்களுக்கு. பிள்ளைப்பேறு பார்ப்பது எங்கள் பெண்களுக்கு. என் அம்மா கேதகி இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். காணுங்கோக்கள் பெரிய வீட்டுக்காரர்கள். அந்த வீட்டுப் பெண் ஒருத்திகூட வீட்டுக்குள் பெற்றதில்லை. பேறு தீட்டு. பின்கட்டைத் தாண்டி, குளத்து மேட்டில், ஒரு ஓலைக் குடிசை போட்டு, உள்ளே கணப்பு மூட்டி, அதில்தான் பெறுவார்கள். தீட்டு கழிந்ததும் குடிசையைப் பிரித்துக் கொளுத்திவிடுவார்கள்.

பெரிய காணுங்கோவின் மனைவி பெற்றதெல்லாம் மண்ணுக்குப் போனது. ஒன்றும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ரத்ன பாபு பிறந்தார். அவரையாவது காப்பாற்ற வேண்டும் என்று அம்மாவுக்கு விற்றார்கள். அம்மா ஒரு பிடி நொய்யைக் குடிசை வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளையை முறத்தில் ஏந்தி வாங்கிக்கொண்டாள். ஹாடி வீட்டுப் பிள்ளையை யமன் தொடமாட்டானாம். அவனுக்கும் தீட்டு! பிள்ளை பிழைத்தது. அவருக்குப் பின் பிறந்தவர்களும் நின்றார்கள். பால் குடித்ததும் வளர்ந்ததும் பெற்றவளிடம்தான். ஆனால் முறைப்படி அது அம்மாவின் பிள்ளை. ஜாதகத்தில் ரத்னாகர், வீட்டில் கூப்பிட்ட பெயர் ஹாடியா.

விற்ற பிள்ளையைக் கல்யாணத்துக்கு முன் திரும்ப வாங்க வேண்டும். முறம் நிறைய அரிசி கொடுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஹாடியின் மகனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அந்த நாள் எனக்குத் தெரியும். எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மா பின்வாசலில் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முற்றத்தில் பெரிய காணுங்கோ, அவர் மனைவி, புரோகிதர் லிங்கராஜ், நாவிதன் பகபான். துளசி மாடத்தடியில் ரத்ன பாபுவின் சின்னத் தங்கை கனகலதா, ஆறு வயசு, பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். பெண் வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கையில் முறத்தைக் கொடுக்கப் போன நேரத்தில் ரத்ன பாபு குறுக்கே வந்து நின்றார்.

"வித்தது வித்ததுதான். என்னைத் திரும்ப வாங்க வேண்டாம். இவதான் எங்கம்மா. ஊர்ல தீண்டக்கூடாதுன்னு தள்ளி வச்சவளோட மகனாவே நான் இருந்துட்டுப் போறேன்."

பெண் வீட்டார் எழுந்து போனார்கள். நாட்டுக்காக அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறதாம். பாசந்தி படித்துக்காட்டியிருக்கிறாள்.

பெரிய காணுங்கோ அம்மாவைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துச் சொன்னார்: "பிறந்த மேட்டை எடுத்துக்க, கேதகி. என் மகன் உன் மகனா இருக்கிறவரைக்கும் அது உன்னுது. ஆனா இந்த வாசப்படி ஏறாதே."

அதுதான் எங்கள் பட்டா.

ஜூலை 4, தேர்

மழை. தொலைக்காட்சியில் பூரித் தேரைப் பார்க்கப் பஞ்சாயத்து வாசலுக்குப் போனேன். மாஸ்டர் என்னைக் கண்டும் காணாதமாதிரி இருந்தார்.

ஜூலை 19

கலெக்டர் வந்தார். சின்னப் பெண், சேற்றில் கால் வைக்கத் தயங்கவில்லை. காணுங்கோ வீட்டின் உள்ளறையைக் காட்டி, "இங்கதான் மேடம், இந்த இடத்துலதான் மகாத்மா மாதிரியான அந்த ஆத்மா..." என்று மாஸ்டர் கையை விரித்துக்கொண்டிருந்தார். பின்கட்டு வழியாக வெளியே வந்தார்கள். நான் வேலியோரம் நின்றேன்.

பேச வேண்டாம் என்றுதான் பாசந்தி சொல்லியிருந்தாள். ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டார். 'நீங்க' என்று கேட்டார். வாய் திறந்துகொண்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் உள்ளறையில் பிறக்கவில்லை, இங்கே பிறந்தார், கணப்பு எரிந்த இடத்தின்மேல்தான் என் அடுப்பு இருக்கிறது, அம்மா முறத்தில் வாங்கினாள், யாரும் திரும்ப வாங்கவில்லை, அவர் மகனாக இருக்கும்வரை மேடு எங்களுடையது.

மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார். "கிழவனுக்கு எண்பத்தாறு வயசு மேடம். மூளை கலங்கிப்போச்சு."

"அவர் பேசட்டும்" என்றார் கலெக்டர்.

பிறந்த இடத்தை இடித்து யாராவது பஸ் நிறுத்துவார்களா? மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 27

மாஸ்டர் தெருமுனையில் நின்று கத்தினார். "ஏன்டா, பாரத மாதாவோட பிள்ளையை ஹாடிச்சி பெத்தான்னு சொல்றியா?"

"பெத்தான்னு சொல்லல பாபு. வாங்கினான்னு சொன்னேன்."

"வாயை மூடு! அசீம் பாபு காதுக்குப் போயிருக்கு. கொதிச்சுப் போயிருக்கார்."

அசீம் பாபு, ரத்ன பாபுவின் தம்பி பேரன். புவனேஸ்வரத்தில் வீடு கட்டி விற்கிறார். பூர்வீக வீடு அவர் பெயரில்தான். புயலில் கூரை போனபோது ஓடு போட ஒருநாள்கூட வந்ததில்லை.

பாசந்தி சிரிக்கிறாள். "மாஸ்டர் இவ்வளவு கிட்ட வந்து கத்தினதே பெரிய விஷயம்ப்பா. எச்சில் தெறிச்சுது. இனி நம்மதான் குளிக்கணும்."

ஆகஸ்ட் 16, மாடு குளிப்பாட்டும் பௌர்ணமி

பஸ் நிறுத்துமிடம் வேறு பக்கம் போய்விட்டது. பாசந்தி சுகாதார நிலையத்தில் கேட்டுவந்தாள். ஒரு கணம் எனக்கு மூச்சு வந்தது.

மீதியையும் அவள் சொன்னாள்.

மந்திரிக்கு என் கதை பிடித்துப்போனதாம். பெரிய வீட்டுப் பிள்ளை ஹாடியின் குடிசையில் பிறந்தார் என்றால் தேர்தலுக்கு நல்லதாம். அதனால் மேட்டின் மேல் அந்தப் பேற்றுக்குடிசையைத் திரும்பக் கட்டப்போகிறார்கள். சிமெண்டில். மண்சுவர்மாதிரி வண்ணம் பூசுவார்கள். அதற்காக இப்போது இருக்கும் மண்வீட்டை இடிக்க வேண்டுமாம்.

என் வீட்டை.

மண்வீடுமாதிரி ஒன்று கட்ட மண்வீட்டை இடிப்பார்களா? நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு பஸ்ஸோடு போயிருக்கும். பஸ்ஸுக்கு மேடுதான் வேண்டுமென்று இல்லை, இன்னொரு இடம் பார்த்துக்கொள்ளும். பிறந்த இடத்துக்கு இன்னொரு இடம் ஏது?

செப்டம்பர் 21

ஆறு கரையை உடைத்தது. மேட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் ஹாடித் தெரு முழுக்க இங்கே, மேட்டில். ஆடு, பாத்திரம், பாடியாவின் ஒரு கை மகன், பிரசவமாகி ஒரு வாரமான பெண் எல்லாரும். சுற்றிலும் தண்ணீர். எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் சிமெண்டு அறைகளின் கூரை மட்டும் தெரிகிறது. அதில் ஒரு நாய் நிற்கிறது.

படகில் அவல் மூட்டை வந்தது. முதலில் காணுங்கோ தெருவுக்கு.

செப்டம்பர் 26

தண்ணீர் வடிந்தது. தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மேட்டை இடிக்க யார் வந்தாலும் முன்னால் படுப்பது என்று முடிவு. பாடியாவின் மகன் சொன்னான்: "எனக்கு ஒரு கைதானே மிச்சம், அதையும் எடுத்துக்கட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

நூற்றாண்டு விழாவில் போலீசை வைத்து அடித்துக் கிளப்பக் கலெக்டருக்கு விருப்பமில்லையாம். சம்மதம் வேண்டுமாம்.

அக்டோபர் 5

சம்மதம் என்றால் சாட்சிக்கும் மதிப்பு உண்டு அல்லவா? பெரிய காணுங்கோ மேட்டைக் கொடுத்தபோது முற்றத்தில் இருந்தவர்களில் நானும் துளசி மாடத்தடியில் இருந்த அந்தக் குழந்தையும்தான் மிச்சம். கனகலதா. கட்டாக்கில் இருக்கிறாள். பாசந்தியை அனுப்பினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். பஸ்ஸில் வாந்தி எடுத்திருந்தாள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாம் ஞாபகம் இருக்குப்பா அந்தம்மாவுக்கு. பொம்மைக்குக் கட்டின சேலை என்ன நிறம்னு உன்னைக் கேக்கச் சொன்னாங்க."

"மஞ்சள். ஓரம் கிழிஞ்சது."

"அதேதான் சொன்னாங்க! ரெண்டு மகனும் போயிட்டாங்களாம். வீட்ல ஒரு வேலைக்காரிதான். உங்க அப்பா கொடுத்த வாக்கை வந்து சொல்றீங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. என் கையைப்பா. அப்புறம், 'வர்றேன், தைத்தாரி கிட்டச் சொல்லு, நான் கண்டிப்பா வர்றேன்'னு சொன்னாங்க."

தெருவில் போய்ச் சொன்னேன். பாடியா பீடி கொடுத்தான்.

அக்டோபர் 14, குமார பௌர்ணமி

நிலவு நன்றாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 2

அசீம் பாபு வந்தார். வெள்ளைக் கார். முதல்முறையாக வேலிக்குள் வந்து, பாசந்தி துடைத்துக் கொடுத்த முக்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார்.

"தாத்தா, உங்கமேல எனக்குக் கோபம் இல்ல. நீங்க சொன்னது உண்மைன்னு கட்டாக் அத்தைப்பாட்டியே சொல்லிட்டாங்க."

தாத்தாவாம்! எனக்குக் கண் கலங்கிப்போயிற்று, மடையன்.

"அதனாலதான் ஒரு முடிவு எடுத்திருக்கோம். அன்னிக்கு நின்னுபோன சடங்கை விழா மேடையில வச்சு முடிச்சுடலாம். முறம் நிறைய அரிசி. கேதகி பாட்டிக்குப் பதிலா நீங்க வாங்கிக்கங்க. ரத்ன தாத்தா எங்க வீட்டுக்குத் திரும்பிடுவார். ஊரே பாக்கும். உங்களுக்கும் மரியாதை."

"செத்தவரை எதுக்கு பாபு திரும்ப வாங்கணும்?"

அவர் போனைப் பார்த்தார். "குடும்பத்துல பொண்ணு இருக்கு, கல்யாணத்துக்கு நிக்குது. மந்திரி மைக்ல ஹாடியோட மகன்னு சொல்லப்போறார். சொல்லட்டும். அதோட கதை முடியணும்ல?"

"திரும்ப வாங்கிட்டா மேடும் திரும்பிடும்."

"அது கொள்ளுத்தாத்தா போட்ட நிபந்தனை, தாத்தா. நான் போட்டதில்ல."

மாட்டேன் என்றேன். எழுந்தார். போகும்போது பாசந்தியிடம், "ஜன்மபீடத்துல பெருக்க ஆள் எடுக்கறாங்க. மாசச் சம்பளம். யோசிங்க" என்றார். முக்காலி மேல் அவர் விரித்து உட்கார்ந்த செய்தித்தாள் அப்படியே கிடந்தது.

நவம்பர் 3

பாசந்தி வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் பிறகு அவளுக்கு யார்?

டிசம்பர் 11, லட்சுமி வரும் வியாழன்

ஊரெல்லாம் அரிசி மாவில் லட்சுமி பாதம் போட்டிருக்கிறார்கள். பாசந்தியும் வாசலிலிருந்து அடுப்புவரை போட்டாள். "இந்த வருஷம் வந்தா இங்கதான் வரணும், அடுத்த வருஷம் விலாசம் தெரியாது" என்றாள்.

தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் கரைக்கு அந்தப் பக்க அறைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாடியாவும். என் முகத்தைப் பார்க்காமல் போகிறான். மகனுக்கு ஏதோ வேலை சொல்லியிருக்கிறார்களாம். திட்ட வாய் வரவில்லை.

கனகலதா நாளை மறுநாள் விழாவுக்கு வருகிறாள். கமிட்டி என்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறது. மேடையில் நான் முறத்தைத் தொடமாட்டேன். அவள் அப்பா கொடுத்த வாக்கைச் சொல்வாள். மந்திரி, கலெக்டர், அத்தனை பேர் முன்னால் சொல்வாள். அது போதும். மேட்டை அதற்குப் பிறகு எவன் தொடுவான்?

டிசம்பர் 14

எழுத வேண்டாம் என்றாள் பாசந்தி. எழுது என்றேன்.

நேற்று விழா. காணுங்கோ வீட்டுக்கு முன்னால் பந்தல். புது வண்ணம், புது ஓடு. மேடையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், ஓரத்தில். கழுத்தில் சாமந்தி மாலை. மந்திரி பேசினார். மாஸ்டர் பேசினார், என்னைக் காட்டி, "நம்ம தைத்தாரி பாபு" என்றார். பாபு! கூட்டம் கை தட்டியது.

பிறகு கனகலதாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். என்னைவிடச் சுருங்கியிருந்தாள். கையில் முறம், புது அரிசி. நான் எழுந்து நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் மைக்கைத் தள்ளிவிட்டாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"வாங்கிக்க, தைத்தாரி."

"உங்கப்பா சொன்னதை இவங்ககிட்டச் சொல்லுங்கம்மா. அதுக்குத்தானே வந்தீங்க?"

"நான் எங்கண்ணனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்." அவள் முறத்தை என் பக்கம் நீட்டினாள். "ரெண்டு பிள்ளையையும் கொள்ளி வச்சு அனுப்பிட்டேன். எங்க வீட்ல ஒரு விளக்கு நிக்கல. ஏன் நிக்கலன்னு இப்பதான் தெரியுது. அவன் வெளியவே நிக்கறான். எங்க வாசலுக்கும் உங்க வாசலுக்கும் நடுவுல. கனவுல வர்றான், உள்ள வாடான்னா வரமாட்டேங்கறான்."

"அவர் வெளிய நிக்கலம்மா. எங்க வீட்ல இருக்காரு. ஜெயில்லருந்து வந்தா முதல்ல எங்கம்மா கையால பழைய சோறு தின்னுட்டுத்தான் உங்க வீட்டுக்கு வருவாரு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கேக்கறேன். இத்தனை வருஷம் நீ வச்சிருந்தியே. நான் போறதுக்குள்ள எனக்குக் கொடு."

நான் தலையை ஆட்டினேன். மாட்டேன். மாட்டேன்.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடித்து, என் காலைத் தொடக் குனிந்தாள். காணுங்கோ வீட்டு மகள். எண்பத்து நாலு வயசு. ஹாடியின் காலை.

நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. ஐயோ அம்மா, வேண்டாம், பாவம், என்று என் கை முன்னால் போய்விட்டது. அவளைத் தொட்டுத் தடுக்கவும் முடியாது. தொடக்கூடாதே! அவள் மடியிலிருந்து சரிந்த முறத்தைப் பிடித்தேன். முறத்தோடு சேர்த்து அவளை நிமிர்த்தினேன்.

படம் எடுத்தார்கள். சங்கு ஊதினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

முறம் என் இரண்டு கையிலும் இருந்தது.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆறு வயசுக் குழந்தைமாதிரி. "வா அண்ணா" என்றாள், என் தோளுக்குப் பின்னால் பார்த்து.

டிசம்பர் 15

கை ஏன் போனது? கேட்டுக்கேட்டு இன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். ரத்ன பாபு குறுக்கே வந்து நின்றாரே, அந்த மாதிரி நிற்க என் கைக்குத் தெரியவில்லை. யாரும் அடிக்கவில்லை, யாரும் பிடுங்கவில்லை. ஒரு கிழவி குனிந்தாள், அவ்வளவுதான். குனிந்து என் காலைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வானம் இடிந்தா விழும்? தொடட்டும் என்று நிற்க முடியாதா, ஒரு நிமிஷம்?

பாசந்தி, இதை அடிக்காதே. இருக்கட்டும்.

டிசம்பர் 23

முறத்து அரிசியை என்ன செய்வது? சமைக்க மனசில்லை. தெருவுக்குக் கொடுத்தேன், யாரும் வாங்கவில்லை. ஆற்றில் போட்டேன்.

ஜனவரி 9

இடித்தார்கள். இயந்திரம் வந்தது, மனிதர்களாக இருந்தால் அரைநாள் வேலை, அது ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் முடித்தது. அடுப்பைத் தோண்டும்போது அடியில் கரி தென்பட்டது, கறுப்பாக, ஒரு வட்டமாக. கலெக்டர் ஆபீஸ் ஆள் ஓடிவந்து அதைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக்கொண்டார். பேற்றுக்குடிசைக் கணப்பின் சாம்பலாம். என் அடுப்புக் கரியா, அந்தக் கணப்பா என்று எனக்கே தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

மார்ச் 2

கரைக்கு அந்தப் பக்கம். அறையில் பகலெல்லாம் அனல். பாசந்தி ஜன்மபீடத்தில் வேலைக்குப் போகிறாள். முற்றமும் கக்கூசும் அவள் பெருக்க வேண்டும். சிமெண்டுக் குடிசைக்குள் பெருக்க வேறு ஆள். அங்கே ரத்ன பாபு படத்துக்கு விளக்கேற்றிப் பூசை நடக்கிறது. அதனால் அவள் உள்ளே போகக்கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையாம். சாவி மட்டும் அவளுக்குக் கொடுப்பதில்லை.

"அங்க என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"இங்கு பிறந்தார்னு இருக்குப்பா."

"அம்மா பேரு?"

"பெத்தவங்க பேரு இருக்கு."

"என் அம்மா பேரு?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஜூன் 30

அசீம் பாபுவின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஜன்மபீடத்துக்கு இனிப்பு வந்தது. பாசந்திக்கும் ஒன்று கொடுத்தார்கள். எனக்குப் பாதி கொண்டுவந்தாள்.

ஜூலை 22

தண்ணீர் ஏறுகிறது. வாசலின் முதல் படி மறைந்துவிட்டது. தெருக்காரர்கள் மேட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். இரும்பு வேலி, பூட்டு. காவல்காரன் பாடியாவின் மகன்தான். "மேலிடத்து உத்தரவு சித்தப்பா, என் வேலை போயிடும்" என்று அழுதானாம். கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். அதன் மேல் உட்கார்ந்துதான் பாசந்தி எழுதுகிறாள்.

இன்று கட்டாக்கிலிருந்து சேதி வந்தது. எழுதிக்கொள்.

முற்றத்தில் இருந்தவர்கள். பெரிய காணுங்கோ, வாதம் வந்து மூன்று வருஷம் வாய் பேசாமல் கிடந்து போனார். அவர் மனைவி, அவருக்கு முன்னாலேயே. புரோகிதர் லிங்கராஜ் பூரியில் காலரா. நாவிதன் பகபான் பாம்பு கடித்து, தாழை வேலியோரம். என் அம்மா கேதகி, மகன் ஜெயிலில் இருந்தபோது, மழையில். நான் ஒருத்தன்தான் கொள்ளி வைத்தேன். ரத்ன பாபு கட்டாக் ஆஸ்பத்திரியில். அப்போது பாடைக்குப் பின்னால் நடந்த கூட்டத்தில் நான் எங்கே இருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. கனகலதா, போன செவ்வாய்க்கிழமை, தூக்கத்தில்.

அந்த வாக்கைக் காதால் கேட்டு இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்தன். கேதகியின் மகன், தைத்தாரி நாயக்.